விக்டோரியா காலத்து முறையில் ஒரு உருவப்படம்: 140 பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது

லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் பழைய பட்டறை ஒன்றை ஸ்டூடியோவாக மாற்றி, ஈரக் கொலோடியன் முறையில் உருவப்படம் எடுத்துத் தரும் ஒருவர் இருக்கிறார். 1850-களிலிருந்து 1870-கள் வரை இங்கிலாந்தில் பெரும்பாலும் இப்படித்தான் போட்டோ பிடித்தார்கள். கண்ணாடித் துண்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான மருந்தை ஊற்றி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் எடுத்துவிட வேண்டும். அம்மா என்னோடு தங்கியிருந்த கோடையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டூடியோவின் பெயரை எழுதவில்லை. சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒற்றை ஆளாக நடத்துகிற சின்ன இடத்தைப் பெயர் சொல்லிக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனில் இந்த வேலையைச் செய்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள், இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

ஐந்துக்கு நான்கு அங்குலக் கண்ணாடித் தட்டு 140 பவுண்டு. அதே அளவில் கறுப்புப் பூச்சுப் பூசிய உலோகத் தட்டு 85 பவுண்டு. கண்ணாடியையே வாங்குங்கள். விக்டோரியா காலத்தில் இரும்புத் தகட்டில் எடுத்தார்கள், இன்று அலுமினியத்தில் எடுக்கிறார்கள். இரண்டிலுமே வெளுப்பான இடங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். கண்ணாடியில் விஷயம் வேறு. வெள்ளிப் படிவம் கண்ணாடியின் முன்பக்கத்தில் இருக்கிறது, கறுப்புத் துணியோ கறுப்பு வார்னிஷோ பின்பக்கத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியால் நெற்றியும் கன்னமும் மேலே எழும்பி நிற்கும், நிழல் உள்ளே போய் உட்காரும். தட்டை லேசாகச் சாய்த்துப் பார்த்தால் முகத்துக்கு ஆழம் இருப்பது தெரியும். கம்ப்யூட்டர் திரையில் இதை எத்தனை முறை பார்த்தாலும் புரியாது.

விலை அதிகம் என்று தோன்றினால் ஒரு பழைய கணக்கு. 1841 மார்ச்சில் ரிச்சர்ட் பியர்ட் என்பவர் லண்டன் ரீஜன்ட் தெருவிலிருந்த ராயல் பாலிடெக்னிக்கின் மாடியில், நீலக் கண்ணாடிக் கூரை போட்டு, இங்கிலாந்தின் முதல் பொது உருவப்பட ஸ்டூடியோவைத் திறந்தார். அது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கும் டாகேரியோடைப். ஒரு படத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பண்ணைக் கூலிக்கு அப்போது ஒரு வாரம் உழைத்தாலும் அவ்வளவு கிடைக்காது. கொலோடியன் வந்த பிறகுதான் விலை சரிந்தது. 1850-களின் கடைசியில் லண்டன் தெருக்களில் ஆறு பென்னிக்கு உருவப்படம் எடுத்துத் தரும் கடைகள் முளைத்துவிட்டன. வேலைக்காரப் பெண்ணும் சிப்பாயும் தங்கள் முகத்தைக் கையில் வைத்துப் பார்க்க முடிந்தது அதனால்தான்.

அந்த விலைச் சரிவுக்குக் காரணமானவர் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர். அடிப்படையில் சிற்பி. 1851 மார்ச்சில் தன் கொலோடியன் முறையை ஒரு வேதியியல் இதழில் அப்படியே வெளியிட்டார், காப்புரிமை வாங்கவில்லை. காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த ஃபாக்ஸ் டால்பட் தன்னுடைய பழைய காப்புரிமைக்குள் இதுவும் அடங்கும் என்று உரிமை கொண்டாட, வழக்கு 1854-ல் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் கொலோடியனில் படம் எடுத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. எத்தனையோ பேர் சம்பாதித்தார்கள். ஆர்ச்சர் மட்டும் 1857-ல் வறுமையில் இறந்தார்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டூடியோவின் வரவேற்பு அறையில், டாகேரியோடைப்பைக் கண்டுபிடித்த டாகேரின் பெரிய படம் மாட்டி, அவரைப் பற்றி இரண்டு பத்தி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆர்ச்சரின் பெயர் எங்கேயும் இல்லை. அவர் இலவசமாகக் கொடுத்ததை வைத்துத்தான் இந்தக் கடையே நடக்கிறது. அவருக்கு ஒரு சின்ன அட்டையாவது சுவரில் வைக்கலாம், வைக்க வேண்டும்.

பழைய உடைகள் தொங்கும் ஸ்டாண்டு ஒன்றும் இருக்கிறது. உயரத் தொப்பி, கோட்டு, வளையம் வைத்த பாவாடை என்று 20 பவுண்டு வாடகைக்கு எதுவும் கிடைக்கும். வேண்டாம் என்பேன். அந்தக் காலத்தில் போட்டோ எடுக்க வந்தவர்கள் தங்களிடம் இருந்ததிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு வந்தார்கள். நாமும் நம் உடுப்பில் உட்காருவதுதான் அவர்கள் செய்ததற்கு நெருக்கமானது. அம்மா மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்கு பார்டர், கருநீல ரவிக்கை.

சரி, உட்காரும் விஷயத்துக்கு வருவோம். நாற்காலிக்குப் பின்னால் கனமான இரும்புப் பாதத்தில் நிற்கும் ஒரு கம்பி. அதன் உச்சியில் கவட்டை மாதிரி இரண்டு விரல். அதுதான் தலைத் தாங்கி. பழைய படங்களை உற்றுப் பார்த்தால் நிற்பவர்களின் காலுக்குப் பின்னால் இதன் அடிப்பாகம் எட்டிப் பார்க்கும். இறந்தவர்களை நிற்க வைத்துப் படம் எடுக்க இதைப் பயன்படுத்தினார்கள் என்று இணையத்தில் ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது. அது உண்மையில்லை. ஓர் உடலின் எடையை இந்தக் கம்பி தாங்காது. உயிரோடு இருப்பவரின் தலை ஆடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் இதன் வேலை. இறந்தவர்களைப் படம் எடுக்கும் வழக்கம் இருந்தது, ஆனால் படுக்க வைத்தோ சாய்த்து வைத்தோதான் பெரும்பாலும் எடுத்தார்கள்.

அம்மாவின் கொண்டை தடுத்ததால் போட்டோகிராபர் அந்த இரண்டு விரலையும் கொண்டைக்குக் கீழே, பிடரியில் படும்படி இறக்கி வைத்தார். குத்தாமலிருக்க ஒரு துணித்துண்டு சுற்றியிருந்தது. அந்தக் கவனம் எனக்குப் பிடித்தது. எதிர்ச் சுவரில் ஒரு பித்தளை ஆணியைக் காட்டி அதையே பார்க்கச் சொன்னார். கண் இமைக்கலாம், அது படத்தில் பதியாது, தலை மட்டும் ஆடக் கூடாது. "அசையாதம்மா" என்று நான் சொன்னதுதான் மிச்சம், அவர் எனக்கு முன்பே கல்லாகிவிட்டிருந்தார்.

அசையாமல் உட்காரும் அந்தச் சில விநாடிகளில் விக்டோரியா காலத்து முகம் எப்படி உண்டாகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் இரண்டு விநாடி முகத்தில் ஒரு உபசரிப்பு இருக்கும். யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பு. பிறகு அது மெல்ல இறங்கிவிடும். உதடு தன் இடத்துக்குப் போய்விடும், புருவத்துக்கு நடுவில் இருக்கும் கோடு திரும்ப வந்துவிடும். படத்தில் பதிவது இந்த எல்லா விநாடிகளின் கூட்டு, அதில் பெரும்பங்கு அந்த இறங்கிய முகம்தான். சிரிப்பு அவ்வளவு நேரம் நிற்காது, தசை நடுங்கும். ஆனால் அதை மட்டுமே காரணமாகச் சொல்வதும் சரியில்லை. 1860-களில் நல்ல வெளிச்சமிருந்தால் சில விநாடி போதும், சிரித்தே ஆக வேண்டுமென்றால் சிரித்திருக்கலாம். ஓவியனுக்கு முன்னால் உட்காரும் மரியாதையோடுதான் அவர்கள் கேமராவுக்கு முன்னாலும் உட்கார்ந்தார்கள். அம்மாவிடம் யாரும் சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய கல்யாணப் படத்திலும் சிரிப்பு கிடையாது. ஸ்டூடியோ என்றால் நிமிர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

லென்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஜோசஃப் பெட்ஸ்வால் 1840-ல் வியன்னாவில் கணக்குப் போட்டு வடிவமைத்த வகை, பித்தளைக் குழலில். முந்தைய லென்ஸ்களைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டதால்தான் மனித முகத்தைப் படம் எடுப்பது ஒரு தொழிலானது. நடுவில் ஊசி முனைக் கூர்மை, ஓரத்துக்குப் போகப் போகக் கலங்கல். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதுக்குப் போவதற்குள் அது கரைந்துவிடும். இன்று அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை, அதற்காகவே தேடி வாங்குகிறார்கள். அம்மாவின் இமை மயிரை எண்ணலாம், தோட்டின் கல் வெறும் வெளிச்சப் புள்ளி.

முதல் தட்டு ஐந்து விநாடி. இருட்டறைக்குள் போய் இரும்பு சல்பேட் டெவலப்பரை ஊற்றிவிட்டு, தட்டை வெளியே கொண்டுவந்து எங்கள் கண் முன்னாலேயே, படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் தொட்டியில் இறக்கினார். பால் படிந்த நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு நெகட்டிவ் தெரிந்தது. பிறகு ஓரத்திலிருந்து அந்தப் பால் விலகத் தொடங்கியது. முதலில் வெள்ளைத் தலைமயிர், அடுத்து நெற்றி, அடுத்து மூக்குத்தி. அரை நிமிடத்துக்குள் நெகட்டிவ் பாசிட்டிவாகிவிட்டது. இதைப் பார்ப்பதற்கே பாதிப் பணம் கொடுக்கலாம். உங்கள் ஸ்டூடியோவில் இதைக் காட்டுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அம்மா குனிந்து பார்த்தார். "ஏண்டி, நான் இவ்வளவு கறுப்பா?"

மாநிறமான அம்மா அந்தத் தட்டில் ஏறக்குறைய கரியாக இருந்தார். கன்னத்துக்கும் தாடைக்கும் வித்தியாசமே இல்லை. கண்ணின் வெண்மையும் முடியும் மட்டும் தனியாக நின்றன. போட்டோகிராபர் சங்கடப்பட்டு, "இந்த முறை அப்படித்தான்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

கொலோடியனுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டும்தான் தெரியும். மஞ்சள், சிவப்பு, பழுப்பு எல்லாம் அதற்கு இருட்டு. அம்மாவின் மாம்பழ மஞ்சள் புடவை கறுப்பாகிவிட்டது. அரக்கு பார்டர் அந்தக் கறுப்புக்குள் காணாமல் போய், ஜரிகை மட்டும் மடிப்புகளில் மினுங்கியது. கருநீல ரவிக்கை வெளிறிய சாம்பல். குங்குமம் ஒரு கறுப்புப் பொட்டு. வெள்ளைக்காரர்களுக்கும் இதே கதிதான், கன்னத்தில் லேசாக இருக்கும் புள்ளிகள் கறுத்து எழும், நீலக் கண் கண்ணாடிக் குண்டு போல வெளுத்துவிடும். அதனால்தான் விக்டோரியா காலத்து ஸ்டூடியோக்கள் எந்த நிறத்தில் உடுத்தி வர வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பதிவு மெயிலில் வண்டி நிறுத்தும் இடம் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, நிறம் பற்றி ஒரு வரி இல்லை.

தோல் விஷயத்தில் மருந்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து விநாடி என்பது வெள்ளைத் தோலுக்குப் பழகிய கை போட்ட கணக்கு. பழுப்புத் தோலுக்கு அதே மருந்தில் வேறு கணக்கு போட வேண்டும், போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். லண்டன் பேஸ்வாட்டரில் ஸ்டூடியோ வைத்திருந்த கமீய் சில்வி 1862-ல் சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டாவைப் படம் எடுத்தார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கொண்டுவரப்பட்டு விக்டோரியா ராணியின் ஆதரவில் வளர்ந்த பெண். அந்தப் படங்கள் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் சேகரிப்பில் இருக்கின்றன. அவருடைய நெற்றியில் வெளிச்சம் நிற்கிறது, கன்னத்தின் வளைவு தெரிகிறது, பார்வை தெரிகிறது. அதுவும் கொலோடியன்தான். கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் முதல் கேமரா கிடைத்து, வைட் தீவில் கோழிக்கூண்டைக் கண்ணாடி அறையாக்கிப் படம் எடுத்த ஜூலியா மார்கரெட் கேமரனும் 1875-ல் இலங்கைக்குக் குடிபோன பிறகு அங்கிருந்த மக்களை இதே முறையில்தான் எடுத்தார். எனவே 150 ஆண்டுக்கு முன் முடிந்தது இன்று முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

இதையெல்லாம் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவரும் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. விளக்கை முகத்துக்குப் பக்கமாக நகர்த்தினார். மடிக்கு அருகே ஒரு வெள்ளைப் பலகையைச் சாய்த்து வைத்தார், கன்னத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் ஏறியது. ஒன்பது விநாடி. இரண்டாவது தட்டுக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

அந்தத் தட்டுதான் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மாவின் நிறம் அதிலும் உண்மையைவிடக் கொஞ்சம் அடர்த்திதான், ஆனால் முகம் முழுதாக வந்துவிட்டது. கன்ன எலும்பில் வெளிச்சம், மூக்கின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு, கண்ணுக்குக் கீழே பை போல் தொங்கும் சுருக்கம்கூட அழகாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேரடியாகக் கண்ணாடியில் எடுத்து, வெள்ளிப் படிவம் முன்னால் இருக்கும்படி வைக்கும் படம் இடவலம் மாறித்தான் வரும். அம்மாவின் மூக்குத்தி வலது பக்கம், தட்டில் இடது பக்கம். முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. பழைய ஆங்கிலேயப் படங்களில் கல்யாண மோதிரம் தவறான கையில் இருப்பதும், கோட்டுப் பொத்தான் தவறான பக்கம் போட்டிருப்பதும் இதனால்தான். என் கண்ணுக்கு அம்மா யாரோ மாதிரி இருந்தார். அம்மாவோ, "இதுதாண்டி நான்" என்றார். தினமும் நிலைக்கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது அவர் பார்க்கிற முகம் அதுதானே.

மற்ற குறைகள். கொலோடியனில் இருக்கும் ஈதரின் வாசனை கடுமையானது, அந்த அறையில் ஜன்னல் திறக்க வழியில்லை, அம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. ஆஸ்துமா இருப்பவர்கள் யோசித்துப் போகவும். தட்டை ஒளியுணர வைக்கும் சில்வர் நைட்ரேட் ஒரு துளி பட்டாலும் துணியில் கறை போகாது, தட்டைக் கையாளும்போது பட்டுப் புடவையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிக்ஸருக்கு அந்தக் காலத்தில் பொட்டாசியம் சயனைடு பயன்படுத்தினார்கள், இன்றும் சிலர் பயன்படுத்துகிறார்கள். இவர் ஆட்கள் இருக்கும்போது ஹைப்போ என்ற ஆபத்து குறைந்த உப்பு மட்டும்தான் என்றார், சந்தோஷம். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சாண்டரக் பிசினில் லாவெண்டர் எண்ணெய் கலந்த வார்னிஷ் பூசித் தபாலில் அனுப்பினார். பெட்டியைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. ஆனால் கீழ் மூலையில் வார்னிஷ் வழிந்து தடித்த வரப்பாக உறைந்திருக்கிறது, 140 பவுண்டுக்கு இது கூடாது. பெட்டியும் வெறும் அட்டை. உடைந்தால் இன்னொன்று போட முடியாத ஒரே பிரதிக்கு மரப்பெட்டியோ மூடி வைத்த சட்டமோ தரலாம். ஸ்கேன் வேண்டுமானால் 15 பவுண்டு தனியாக என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிள்ளைகள் மூன்று ஊரில் இருக்கிற குடும்பம், ஒரே கண்ணாடி யாரிடம் இருப்பது?

போகலாமா என்று கேட்டால், கட்டாயம் போகலாம். பழைய ஆங்கிலேய உருவப்படங்களை இதற்கப்புறம் பார்க்கும் விதமே மாறிவிடும். அதில் கறுப்பாகத் தெரியும் கவுன் சிவப்பாகவும் இருந்திருக்கலாம், கடுகடுவென்று இருக்கும் பெண்மணி அடுத்த விநாடி எழுந்து சிரித்திருக்கலாம். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் போட்டோகிராபிப் பிரிவை முன்பே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது, அனுமதி இலவசம்.

முன்பதிவு செய்யும்போது மெயிலில் உங்கள் தோலின் நிறத்தைத் தயங்காமல் எழுதுங்கள், ஒரு சாதாரணப் போட்டோவையும் இணைத்துவிடுங்கள். முதல் தட்டு சரியில்லையென்றால் இரண்டாவது தட்டு கட்டணத்தில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டில் கறுப்பாக வரும் புடவையில் பார்டர் தெரிய வேண்டுமென்றால் பார்டர் நீலமோ வெள்ளையோ ஆக இருக்கட்டும். மே முதல் ஆகஸ்ட் வரை, நண்பகலை ஒட்டிய நேரமாகக் கேளுங்கள். குளிர்காலத்தில் இங்கே புற ஊதா வெளிச்சம் குறைவு, ஒன்பது விநாடி இருபதாகிவிடும், வயதானவர்களின் கழுத்துக்கு அது அதிகம்.